திட்டினால்தான் வேலை நடக்குமா?

இஸ்ரேலில் ஒரு சோதனை நடந்தது. பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் 24 குழுக்களாக ஒரு பயிற்சிக்கு வந்தார்கள். குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் குடலில் கடுமையான நோய் வந்து, நிலைமை திடீரென்று மோசமாவது போன்ற ஒத்திகை அது. என்ன நோய் என்று கண்டுபிடித்துக் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும். வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. சில குழுக்களிடம் அவர் பொதுவாக நாலு வார்த்தை பேசினார். மற்றக் குழுக்களிடம், இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்றும், இப்படிப்பட்டவர்கள் தன் துறையில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. எந்தக் குழு எதைக் கேட்டது என்று தெரியாத நடுவர்கள்தான் மதிப்பெண் போட்டார்கள். திறமை ஒரே நிமிடத்தில் எங்கே போயிற்று? ஒருவர் பார்த்ததை இன்னொருவரிடம் சொல்வது குறைந்திருந்தது. "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று உதவி கேட்பதும் குறைந்திருந்தது. 2015-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

நம் ஊரில் பட்டறை முதல் வங்கிக் கிளை வரை, ஜவுளிக்கடை முதல் ஐ.டி. கம்பெனி வரை, இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்று வேரோடிக் கிடக்கிறது. நாலு வாங்கு வாங்கினால்தான் வேலை நடக்கும் என்பது அது. "அவர் கோபக்காரர்தான், ஆனா மனசு தங்கம்" என்று சான்றிதழ் வேறு கொடுப்போம். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும், அடிக்கிற கைதான் அணைக்கும் என்றெல்லாம் பழமொழிகள் துணைக்கு வரும். இவற்றை உண்டாக்கியவர்கள் திட்டு வாங்கியவர்களாக இருந்திருக்க முடியாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு சீனியர்கள் தரும் முதல் அறிவுரையும் இதே ரகம்: "இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுப்பா." வசவு என்பது மழையைப் போல வானத்திலிருந்து வருவது, குடை பிடித்துக்கொள்வது அவரவர் சாமர்த்தியம் என்ற நினைப்பு இதற்குள் இருக்கிறது. மழையை யாரும் அனுமதிப்பதில்லை. வசவை ஒரு நிர்வாகம் அனுமதிக்கிறது; சில இடங்களில் அதற்கு போனஸும் கொடுக்கிறது.

கண்டிப்பு வேறு, வசவு வேறு. கணக்கில் நானூறு ரூபாய் உதைத்தால் "இதை எப்படி விட்டீங்க? சரி பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்கிற அதிகாரியைக் கண்டிப்பானவர் என்று சொல்லலாம். பிடிக்காமல் போகலாம்; ஆனால் அவர் பேசுவது கணக்கைப் பற்றி. அதே நானூறு ரூபாய்க்கு, கவுண்டரில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "உன்னையெல்லாம் எவன் வேலைக்கு எடுத்தான்? சோறுதானே திங்கிற?" என்று கேட்டால் அங்கே கணக்கு காணாமல் போய்விட்டது. ஆள்தான் மிச்சம். ஊர், சாதி, நிறம், ஆங்கில உச்சரிப்பு, கல்யாணம், குழந்தை என்று எதை வேண்டுமானாலும் இழுக்கலாம் என்ற நிலை அது. பெரும்பாலும் சுற்றி நாலு பேர் பார்க்கும்போதுதான் இது நடக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆட்களைப் பார்த்தால் கோபம் ஏறுகிறது என்றால் அது வெறும் கோபம் இல்லை.

சத்தமே இல்லாத வகையும் உண்டு. சுவீடனில் 1980-களில் வேலையிடத் துன்புறுத்தலை முதன்முதலாக முறையாக ஆராய்ந்தவர் ஹெய்ன்ஸ் லேமன் என்ற உளவியலாளர். வேலையிடத்தில் ஒருவரை ஒழித்துக்கட்டப் பயன்படும் 45 செயல்களைப் பட்டியல் போட்டார். வாரம் ஒரு தடவையாவது, ஆறு மாதமாவது தொடர்ந்தால் அதைத் துன்புறுத்தல் என்று கணக்கில் எடுத்தார். அந்தப் பட்டியலில் கத்துவது ஒன்றே ஒன்றுதான். பேசவிடாமல் குறுக்கே விழுவது, எதிரில் இருந்தும் இல்லாததுபோல நடத்துவது, தகுதிக்குக் கீழான வேலையைக் கொடுப்பது, வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது என்று மீதியில் பலவும் சத்தமில்லாதவை. இன்றைய அலுவலகத்தில் இதற்கு வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து பெயரை நீக்குவது, மீட்டிங் அழைப்பை மட்டும் அனுப்ப 'மறந்துவிடுவது' என்ற வடிவங்கள் வந்துவிட்டன. சுவீடன் 1993-லேயே இதற்கென்று விதிமுறை கொண்டுவந்தது. ஜப்பானில் 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களுக்கும், 2022 ஏப்ரல் முதல் சிறு நிறுவனங்களுக்கும் அதிகாரத் துன்புறுத்தலைத் தடுப்பது சட்டக் கடமை. ஜப்பானிய அரசு அதை ஆறு வகையாகப் பிரிக்கிறது. தாங்க முடியாத வேலையைத் தலையில் கட்டுவது ஒரு வகை. வேண்டுமென்றே வேலையைப் பிடுங்கிக்கொள்வது இன்னொரு வகை.

எவ்வளவு பேருக்கு இது நடக்கிறது? சர்வதேச தொழிலாளர் அமைப்பு, கேலப் நிறுவனத்தோடு சேர்ந்து 121 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2022-ல் வந்தன. வேலை பார்க்கிறவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், தம் வேலைக்காலத்தில் எப்போதாவது மனரீதியான வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். எந்த வகை வன்முறையானாலும், அதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொன்னவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள். மீதிப் பேர் யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும், சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் பிரான்சில் ஒரே கம்பெனியின் கதையில் பார்க்கலாம்.

ஃபிரான்ஸ் டெலிகாம் அந்நாட்டு அரசின் தொலைபேசி நிறுவனமாக இருந்தது. நம் பி.எஸ்.என்.எல். மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தனியார்மயமான பிறகு கடன் சுமை, போட்டி. 2006 முதல் 2008 வரை மூன்று ஆண்டுகளில், சுமார் 1,20,000 பேரில் 22,000 பேரைக் குறைக்க வேண்டும், இன்னும் 10,000 பேரை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று நிர்வாகம் திட்டம் போட்டது. சிக்கல் என்னவென்றால், ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர் அந்தஸ்து உள்ளவர்கள். வேலையைவிட்டு நீக்க முடியாது. அவர்களாகவே போக வேண்டும்.

2006 அக்டோபரில் பாரிஸில் நடந்த உயர் அதிகாரிகள் கூட்டத்தில் தலைமை நிர்வாகி டிடியே லொம்பார் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். எப்படியாவது ஆட்களை வெளியேற்றப்போவதாகவும், ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ அது நடக்கும் என்றும் சொன்னார். கூட்டக் குறிப்பில் பதிவான அந்தப் பேச்சு பின்னாளில் நீதிமன்றம் வரை வந்தது.

பிறகு நடந்தவற்றில் அடிதடி இல்லை, கெட்ட வார்த்தைகூட அதிகம் இல்லை. "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்" என்று நம் அலுவலகங்களில் மிரட்டுவார்களே, அதை ஒரு கம்பெனி முழுமைக்கும் திட்டமாகத் தீட்டினால் எப்படி இருக்கும்? ஊர் விட்டு ஊர் கட்டாய மாற்றம். பல காலம் தொழில்நுட்ப வேலை பார்த்தவர்களை கால் சென்டரில் உட்காரவைத்து, எழுதிக்கொடுத்ததை வாசிக்கச் சொன்னார்கள். பிரிவுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார்கள். சிலருக்கு மதிப்பில்லாத வேலை, சிலருக்குத் தனிமை, பலருக்கு "வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே" என்ற தொடர் வற்புறுத்தல். எத்தனை பேர் கிளம்பினார்கள் என்ற எண்ணிக்கையும் மேலாளர்களின் சம்பளத்தில் கணக்கானது. சுமார் 4,000 மேலாளர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. நெருங்கியவரை இழந்தவர்கள் மறுப்பு, கோபம், சோர்வு என்று கடந்து கடைசியில் ஏற்றுக்கொள்வார்கள் என்று மருத்துவ உலகம் வரைந்து வைத்திருக்கும் துக்க வளைகோடு அந்த வகுப்பில் பாடமாக இருந்தது. ஊழியர் உடைவார் என்று தெரிந்தே, உடையும் வரிசையை மேலாளருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போது ஜன்னல் பேச்சைவிட இதுதான் அதிகமாகத் திடுக்கிட வைக்கிறது.

தற்கொலைகள் நடந்தன. ஒவ்வொன்றையும் 'குடும்பப் பிரச்சினை', 'பலவீனமான மனசு' என்று தனித்தனியாகப் புரிந்துகொள்ளத்தான் எல்லோரும் பழகியிருந்தார்கள். அதை மாற்றியது தொழிற்சங்கங்கள் செய்த ஓர் எளிய வேலை. 2007-ல் இரண்டு சங்கங்கள் சேர்ந்து, மன அழுத்தத்தையும் கட்டாய மாற்றங்களையும் பதிவு செய்ய ஒரு கண்காணிப்பகம் தொடங்கின. ஊழியர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள், எண்ணினார்கள், எழுதி வைத்தார்கள். 2009 ஜூலையில் மார்செய் நகரில் இறந்த ஓர் ஊழியர், வேலைதான் ஒரே காரணம் என்று எழுதி வைத்திருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் லொம்பார் இதைத் தற்கொலை 'மோகம்' என்ற பொருளில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சங்கங்களில் ஒன்று குற்றவியல் புகார் கொடுத்தது. 2010-ல் தொழிலாளர் ஆய்வாளர் விரிவான அறிக்கை அளித்தார்.

வழக்கு விசாரணைக்கு வர 2019 ஆயிற்று. நீதிமன்றம் 39 பேரின் நிலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது: 19 தற்கொலைகள், 12 தற்கொலை முயற்சிகள், மனச்சோர்வில் விழுந்த 8 பேர். அந்த டிசம்பரில் லொம்பாருக்கும் இரண்டு உயர் அதிகாரிகளுக்கும் ஓராண்டுச் சிறை, அதில் எட்டு மாதம் நிறுத்திவைப்பு, தலைக்கு 15,000 யூரோ அபராதம். கம்பெனிக்கு 75,000 யூரோ. மேல்முறையீட்டில் 2022-ல் லொம்பாரின் சிறைத்தண்டனை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. லொம்பார் சிறைக்குப் போகவில்லை, அபராதமும் அந்தக் கம்பெனிக்குச் சில்லறைக் காசு. ஆனால் 2025 ஜனவரியில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை உறுதி செய்தபோது ஒரு விஷயம் நிலைபெற்றது. தலைமை அதிகாரி அந்த ஊழியரை நேரில் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. அவர் வகுத்த கொள்கையே துன்புறுத்தலாக இருந்தால் அவர் குற்றவாளிதான்.

இது அவ்வளவு தூரத்துக் கதையும் இல்லை. 2023 ஜூனில் ஒரு தனியார் வங்கியின் மூத்த அதிகாரி, ஆன்லைன் மீட்டிங்கில் கீழுள்ளவர்களை டார்கெட்டுக்காகக் கத்தும் வீடியோ நாடெங்கும் பரவியது. வங்கி அவரை சஸ்பெண்ட் செய்தது. பார்த்தவர்கள் திருப்தியடைந்தார்கள். அந்த டார்கெட்டை அவருக்கு யார் போட்டார்கள், அவருடைய மீட்டிங்கில் அவர் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திட்டு எப்போதும் படிக்கட்டில் இறங்கி வரும். கீழ்ப்படியில் நிற்கிறவருக்கு அது தெரிந்தால் கொஞ்சம் ஆறுதல். ஆனால் திட்டுகிறவருக்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது.

சட்டம் நம் நாட்டில் என்ன சொல்கிறது? வேலையிடத்தில் மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடுக்கத் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. வேலையிட வன்முறைக்கு எதிராக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019-ல் நிறைவேற்றிய 190-ஆம் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்று உறுதி செய்யவில்லை. துண்டு துண்டாகச் சில பாதுகாப்புகள் இருக்கின்றன. பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம்; பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். ஆபாசமாகப் பேசுவதும் இதில் அடங்கும், கை பட்டால்தான் குற்றம் என்பதில்லை. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியரைப் பிறர் பார்வையில் படும் இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். மிரட்டலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு. இருபது தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குறைதீர் குழு வேண்டும் என்பது 2010-லேயே தொழில் தகராறு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2020-ன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம்.

அதற்காக அதிகாரி அதட்டியதுமே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினால் வழக்கு நிற்காது. செகந்திராபாத்தில் ஒரு தேசிய நிறுவனத்தின் இயக்குநர் தன்னை உரத்த குரலில் திட்டினார் என்று உதவிப் பேராசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கை 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வேலை, ஒழுங்கு சம்பந்தமாக மேலதிகாரி கண்டிப்பது குற்றவியல் அர்த்தத்தில் 'வேண்டுமென்றே அவமதிப்பது' ஆகாது என்றது. ஒற்றைச் சம்பவத்தை வைத்துக்கொண்டு சட்டத்தை நம்பி இறங்க முடியாது என்பதுதான் நடைமுறை. தொடர்ச்சியைக் காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டியவர்கள் திண்டுக்கல்லில் இருக்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். வயது 20. கைதானவர் அவருடைய சூபர்வைசர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் உள்ளே நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சூழல் புரியும். வரிசையாகத் தையல் மெஷின்கள், மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதிய போர்டு, வரிசைகளுக்கு நடுவே நடக்கும் சூபர்வைசர். தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், மேற்பார்வை பெரும்பாலும் ஆண்கள் கையில். பீஸ் குறைந்தால் வாயில் வந்த வார்த்தை. கழிவறைக்குப் போய்வர நேரமானால் அதற்கும் ஒரு வார்த்தை. அந்த வார்த்தைகளைக் கேட்டு நடவடிக்கை எடுக்காத இடத்தில்தான் அடுத்த கட்டம் நடக்கிறது என்று வாதாடியது, தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன். அதன் தலைவர் திவ்யராகினி.

சங்கம் பல மாதம் போராடியது. அங்கே தைக்கும் துணிகளை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளின் கதவையும் தட்டினார்கள். 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. எச் அண்டு எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் இதில் கட்டுப்பட்டன. ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்பதால் இது வெறும் காகிதமாகப் போகவில்லை.

உள்ளே என்ன மாறியது என்று பார்த்தால் விஷயம் ரொம்ப சாதாரணமாகத் தெரியும். ஏறக்குறைய 25 தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள் அவர்கள். வரிசையில் ஒரு தடித்த வார்த்தை விழுந்தால் பக்கத்து மெஷினில் இருப்பவரே அதைக் கவனிப்பார், பதிவு செய்வார், நிர்வாகத்தோடு பேசுவார். அங்கே தீராவிட்டால் வெளியிலிருந்து வரும் சுயேச்சையான விசாரணையாளர். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கத் தடை. சூபர்வைசர்களுக்கும் பயிற்சி. முதல் ஆண்டில் 185 புகார்கள் வந்தன என்றும், நூற்றுக்கு 98 தீர்ந்தன என்றும் ஒப்பந்தத் தரப்பின் அறிக்கை சொல்கிறது. புகார் எண்ணிக்கை கூடுவதைக் கண்டு எரிச்சலடையும் ஹெச்.ஆர். துறைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அதற்கு முன் அங்கே புகார் வராமல் இருந்தது நிம்மதியால் இல்லை.

சங்கம் இல்லாத இடத்தில், ஒற்றை ஆளாகச் சிக்கிக்கொண்டவர் என்ன செய்வது? பெரும்பாலோரின் நிலை இதுதான். வீட்டில் சொன்னால் "எங்கதான் இல்ல, அனுசரிச்சுப் போ" என்பார்கள். மாதம் பிறந்தால் ஈ.எம்.ஐ. நிற்கும்.

முதல் வேலை, எழுதி வைப்பது. "மேனேஜர் எப்பவும் கேவலமா பேசுறார்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. 'செவ்வாய், 14-ஆம் தேதி, காலை 11.20. கேஷ் கவுண்டர் அருகில். ஸ்டாக் ரிப்போர்ட் பத்து நிமிடம் தாமதம். "உங்க ஊர்ல எல்லாம் இப்படித்தான் மாடு மேய்ப்பாங்களா" என்றார். அருகில் இரண்டு சக ஊழியர்கள், ஒரு வாடிக்கையாளர். 11.35-க்கு ரிப்போர்ட் கொடுத்தேன்' என்று எழுதினால் அது சாட்சியம். சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், நாகரிகப்படுத்த வேண்டாம். தன் தாமதத்தையும் சேர்த்து எழுதுவதுதான் அந்தக் குறிப்புக்கு நம்பகத்தைக் கொடுக்கும். சொந்த நோட்டில், சம்பவம் நடந்த அன்றே எழுதுவது நல்லது. கம்பெனி லேப்டாப்பில் வேண்டாம். வேலை போகிற அன்று லேப்டாப்பும் போய்விடும். அதேசமயம் கம்பெனியின் ரகசிய ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பினால், அதுவே நம்மீது நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.

இந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. தொடர்ந்து வசவு கேட்பவருக்கு ஒரு கட்டத்தில் "நம்மகிட்டதான் ஏதோ கோளாறு" என்ற சந்தேகம் வந்துவிடும். இரண்டு மாதக் குறிப்பைத் திருப்பிப் பார்த்தால் பல விஷயம் தெளியும். மாதக் கடைசியில் மட்டும் ஏறுகிறதா, தன்னிடம் மட்டுமா, எல்லோரிடமுமா? உண்மையிலேயே வேலையில் தப்பு இருக்கிறது என்றாலும் அது தனியாகத் தெரிந்துவிடும்.

வாய்மொழி உத்தரவுகளை எழுத்துக்குக் கொண்டுவருவதும் உதவும். "சார், இன்று காலை நீங்கள் சொன்னபடி மூன்று ரிப்போர்ட்டுகளையும் நாளை மாலைக்குள் முடிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். எதை முதலில் முடிக்கட்டும்?" என்று மரியாதையாக ஒரு மெயில். நாளைக்கு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அவர் கைவிரிக்க முடியாது. நேருக்கு நேர் பதில் சொல்லத் துணிச்சலும் சூழலும் இருந்தால், பேச்சைத் திரும்பவும் வேலைக்கு இழுப்பதே நல்ல வழி: "தப்பு எங்கன்னு சொல்லுங்க சார், சரி பண்ணிடறேன். இப்படிப் பேச வேண்டாம்." அழுகையோ ஆத்திரமோ முட்டிக்கொண்டு வந்தால், "அஞ்சு நிமிஷத்துல வர்றேன் மேடம்" என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொள்வதில் தோல்வி எதுவும் இல்லை. எல்லோராலும் எதிர்த்துப் பேச முடியாது. தினக்கூலியும் ஒப்பந்தத் தொழிலாளியும் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. அவர்களைப் பார்த்து "ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்பவர்கள் மாதச் சம்பளக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மீட்டிங்கில் ஒருவரைக் கிழிக்கும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்து போனைப் பார்ப்பது வழக்கம். அந்த நேரத்தில் குறுக்கே பேச முடியாமல் போகலாம். ஆனால் வெளியே வந்ததும் "அவர் அப்படிப் பேசினது தப்பு, நானும் கேட்டேன்" என்று ஒரு மெசேஜ் அனுப்ப யாராலும் முடியும். வாங்கிக் கட்டிக்கொண்டவருக்கு அன்றிரவு தூக்கம் வர அது உதவும். பின்னால் விசாரணை வந்தால் சாட்சியாகவும் நிற்கும்.

ஹெச்.ஆரிடம் போகும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அவர்கள் எவ்வளவு நல்லவர்களானாலும் நிர்வாகத்தின் ஆட்கள். டீ குடித்துக்கொண்டே சொல்வதால் பயனில்லை. புகாரை எழுத்தில், தேதிகளோடு, என்ன தீர்வு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்க வேண்டும். வேறு டீமுக்கு மாற்றமா, ரிப்போர்ட் செய்யும் ஆளை மாற்றுவதா, எழுத்துப்பூர்வ மன்னிப்பா என்று தெளிவாகக் கேட்டால்தான் "பேசிட்டோம், பாத்துக்கலாம்" என்று மழுப்ப முடியாது. கூடவே இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் புகாரின் எடையே வேறு. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வயிறு பிசைவது, காலையில் ஆபீஸ் வாசலில் நெஞ்சு படபடப்பது, அதிகாரியின் பெயர் போனில் வந்தால் கை நடுங்குவது, குழந்தைகள் மேல் எரிந்து விழுவது. இந்த நிலைக்கு வந்தவர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வேலையிடத்தில் நடப்பதையும் அவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல்லலாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. நாள் முழுவதும், கட்டணமில்லாமல், தமிழிலும் பேசலாம். உயிரை விடலாமா என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே அந்த எண்ணை அழைக்க வேண்டும், நெருங்கிய ஒருவரிடமும் சொல்ல வேண்டும்.

சில இடங்கள் திருந்தாது. அங்கிருந்து கிளம்புவதை ஓடிப்போவதாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் அன்றே பேப்பர் போட்டால் நஷ்டம் நமக்குத்தான். நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு முடிந்தால்தான் கிராஜுவிட்டி; நாலரை ஆண்டு ஆனவர், தாங்க முடிகிறதென்றால் மீதி மாதங்களை எண்ணிப் பார்க்கலாம். ராஜினாமா கடிதத்தில் வழக்கமாக எழுதும் 'சொந்தக் காரணங்களுக்காக' என்ற வரி, பின்னால் "என்னைக் கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள்" என்று தொழிலாளர் துறையிடமோ நீதிமன்றத்திடமோ சொல்லப் போகிறவருக்கு எதிராகவே நிற்கும். வழக்கு, புகார் என்று போகும் எண்ணம் இருந்தால் கடிதம் எழுதுவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரையோ தொழிற்சங்கத்தையோ பார்த்துவிட வேண்டும். எண்ணம் இல்லையென்றால், ரிலீவிங் லெட்டர், சம்பளச் சீட்டுகள், பி.எஃப். விவரம் எல்லாம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. புது இடத்து இன்டர்வியூவில் பழைய அதிகாரியைப் பற்றிக் கேட்டால், அதையும் ஒரே வரியில் முடித்துக்கொள்ளலாம்.